குழலில் ஏறும் கை

நேற்று எண்ணெய் போட்டுத் துடைத்து நிறுத்திய துப்பாக்கியில் காலையில் மறுபடியும் துரு இருந்தது. நான்கு விரல்களும் ஒரு கட்டைவிரலும் சுற்றிப் பிடித்த அளவுக்கு, புதிதாக, செம்பழுப்பாக. குழலின் முனைக்கருகில்தான் எப்போதும் வரும். இன்று ஒரு பிடி கீழே இறங்கியிருந்தது. எல்வி தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டாள்.

சிலருடைய வியர்வை இரும்புக்கு ஆகாது. அவள் கணவன் ஆர்வோவுக்கு அப்படிப்பட்ட கை. அவன் தொட்ட இரும்பு மறுநாளே துருப்பிடிக்கும். வேட்டை முகாமில் யாரும் தங்கள் துப்பாக்கியை அவனிடம் நீட்டமாட்டார்கள். அவன் சிரித்தபடி கையுறையை மாட்டிக்கொள்வான்.

போன டிசம்பரில் ஏரியின் பனிக்கட்டி உடைந்து அவன் உள்ளே போனபோது கையுறை இல்லை. எல்வி குப்புறப் படுத்து, தோட்டாவை உருவிவிட்டு, இதே துப்பாக்கியின் கட்டைப் பக்கத்தைத் தான் பிடித்துக்கொண்டு குழலை அவனிடம் நீட்டினாள். பிடித்துக்கொண்டான். அப்போது அவள் மார்புக்குக் கீழேயும் பனிக்கட்டி விரிசல் விட்டது. அந்தச் சத்தம் அவனுக்கும் கேட்டது. அவளையே பார்த்தான். பிறகு கையை விட்டான். வழுக்கிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். வழுக்கவில்லை. விட்டான். பனி உருகிய பிறகுதான் ஏரி அவனைத் திருப்பித் தந்தது. சவப்பெட்டியைத் திறக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆர்வோவின் தம்பி ஊர்ஹோ மதியம் ஒரு மருந்துப் புட்டியோடு வந்தான். காலணியை வாசலில் உதறிவிட்டுக் காபிக்கு உட்கார்ந்தான்.

"கடையில குடுத்தா வேட்டை சீசன் முடிஞ்சுதான் தருவான். குழலுக்கு நீலம் ஏத்துறது என்ன பெரிய வித்தையா? எங்கப்பா சவுனாவுலயே, ஆவிக்குளியல் போடுற எடத்துலயே, செஞ்சிருவாரு. மருந்தத் தடவி ஆவியில வச்சா குழல் மொத்தமும் துருப்பிடிக்கும். அப்புறம் கொதிக்கிற தண்ணில போடு. அந்தத் துருவே கறுநீலமா மாறிக்கும், அப்புறம் துரு ஏறாது."

"இந்தத் தடம்?"

"அத மொதல்ல சுரண்டி எடுத்துரணும்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினான். "வெறுங்கையால மட்டும் தொட்டுராத. ஏலக்காய் ரொட்டி பிசையிற கை உன்னுது. எண்ணெய்ப் பசை பட்ட இடத்துல மருந்து ஏறாது, மான்தான் மோப்பம் பிடிச்சு வரும்."

அவன் போனதும் மகள் கைசா கோப்பைகளைக் கழுவினாள்.

"அப்பா துப்பாக்கி இல்லாம நான் காட்டுக்குப் போகலம்மா. இப்படியே விட்டா குழல் அரிச்சுப்போயிரும்."

"தினமும் துடைக்கிறேன்டி."

குழாயை மூடிவிட்டுத் திரும்பாமலே கேட்டாள். "அம்மா, நீயேதான் அதுல தண்ணி தடவுறியா?"

எல்வி மூலையில் நின்ற துப்பாக்கியைப் பார்த்தாள். சுரண்டினால் அவன் போய்விடுவான். அவன் கடைசியாகப் பிடித்தது இந்த இரும்பைத்தான், அவளை அல்ல. அன்று விட்டது அவன். இந்த முறை அவனை விடுவது அவள் கையால் நடக்கவேண்டும். விடாவிட்டால்? பிடிமேல் பிடியாக இந்தப் பக்கம் வருவது எது?

பொழுது சீக்கிரமே சாய்ந்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் இருந்த சவுனாவில் பிர்ச் விறகு எரியும் இனிப்பான வாசனையும், சூடேறிய பலகைகளின் வாசனையும், மருந்தின் நெடியும் ஒன்றோடொன்று கலந்து நின்றன. அடுப்பின்மேல் நீளத் தொட்டியில் தண்ணீர் முனகத் தொடங்கியிருந்தது. கட்டையிலிருந்து கழற்றிய குழலைப் பலகையில் கிடத்தி, பசை போகத் துடைத்து, கையுறையோடு, துருவைச் சுரண்டும் இரும்பு நார்ச்சுருளை எடுத்தாள். தடம் இப்போது குழலின் நடுவில் இருந்தது. மதியம் அங்கே இல்லை.

ஒருமுறை தேய்த்தால் போதும். நாரைத் தடத்தின்மேல் வைத்தாள். கை நகரவில்லை. எத்தனையோ சனிக்கிழமைகளில் இதே பலகையில் அவள் முதுகைத் தேய்த்துவிட்டு, போதுமா என்று கேட்பவன். அவள் போதும் என்று சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும் அந்தக் கை.

நாரைக் கீழே போட்டாள். கையுறையைக் கழற்றினாள். தடத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

இரும்பு குளிர்ந்திருந்தது. இந்த வெக்கையில் அப்படி இருக்கக்கூடாது.

"நீலம் ஏத்தல," என்றாள் மெதுவாக. "நீ இரு."

தொட்டியின் முனகல் நின்றது. ஏரிச் சேற்றின் வாசனை வந்தது. குழலின் வாயிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர். இன்னொன்று. பிறகு நிற்காமல். தரைப் பலகைகளுக்கு அடியில் எதுவோ நீளமாக விரிசல் விட்டது.

அவள் கைக்குக் கீழே இரும்பு மெத்தென்றானது.

விரல்கள். ஊறிப்போனவை. நகம் இல்லை. அவை அவளுடைய விரல்களுக்கிடையே நுழைந்து மூடிக்கொண்டன. ஆர்வோ என்று கூப்பிட்டாள். பிடி இறுகியது. ஆர்வோ விடத் தெரிந்தவன். இதற்குத் தெரியவில்லை.

மணிக்கட்டில் ஈரம். தோலில் செம்பழுப்பாக நான்கு விரல்கள், ஒரு கட்டைவிரல். அதற்கு மேல் இன்னொரு பிடி. முழங்கை. தோள்.

வெளியே பனியில் காலடி. "அம்மா, ஆச்சா?" கைசாவின் குரல். "கதவுக் கொண்டிய எடு. குளிருது."

வராதே என்று சொல்ல வாயைத் திறந்தாள். அடுப்பு சிவந்து எரிந்துகொண்டிருந்த அந்த அறையில் அவள் மூச்சு வெண்புகையாக வெளிவந்தது. குரல் வரவில்லை. கழுத்தின் ஒரு பக்கம் நான்கு விரல்களும் பதிந்தன. பிறகு, மறுபக்கம், நிதானமாக, கட்டைவிரல்.