காய்ந்த பிறகு வெட்டலாம்

அண்ணன் வீட்டுக்குக் காலை ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒரு கையில் வாளி, மறு கையில் சுரண்டும் தகடும் ஸ்பாஞ்சும் கத்தியும் போட்ட பை. வால்பேப்பர் ஒட்டுவதும் உரிப்பதும் என் தொழில். முப்பது வருடமாக ஊரார் சுவர்களுக்கெல்லாம் உடுப்பு மாட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த ஒரு வீட்டு வேலையை மட்டும் இடுப்பு வலி, முழங்கால் வலி என்று இல்லாத வலியெல்லாம் சொல்லித் தட்டிக் கழித்து வந்தேன்.

இந்த முறை தப்ப முடியவில்லை. அண்ணன் மகள் ஆறு மாதக் குழந்தையோடு அப்பா வீட்டிலேயே வந்து தங்கப் போகிறாள். பின்பக்க அறை அவளுக்கு. பூப்போட்ட பழைய காகிதம் வேண்டாம், வெள்ளையடித்தால் போதும் என்று சொல்லிவிட்டாளாம். நீ ஒட்டியது, நீயே வந்து உரித்துவிடு என்று அண்ணன் போனில் சொன்னபோது சரி, வருகிறேன் என்றேன்.

அது அண்ணியின் தையல் அறை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன், ஒரு குளிர்கால மதியத்தில், காய்ச்சல் என்று அங்கே இருந்த கட்டிலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அடைத்த அறைக்குள் கேஸ் ஹீட்டர் எரிந்து காற்று விஷமாகிவிட்டது என்றார் டாக்டர். ஹீட்டரைப் பற்றவைத்தது அண்ணன். சூடு வெளியே போகக் கூடாதென்று கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போனதும் அண்ணன். அன்றைக்குத் தலையில் தூக்கி வைத்த பழியை அவர் இன்னும் இறக்கி வைக்கவில்லை. அண்ணியின் ஒரு படத்தைக்கூடச் சுவரில் மாட்டவில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவன் நான்.

உண்மை வேறு. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த அறைச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கை அகலத்தில் ஒரு காற்றுத் துளை இருந்தது. காகிதம் ஒட்டும்போது அப்படி ஒரு துளை வந்தால், முதலில் அதன் மேலேயே ஒட்டிவிடுவோம். ஈரக் காகிதத்தில் கத்தி வைத்தால் கிழிந்து பூ கோணிவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு, மறுநாள் வந்து குறுக்கே இரண்டு கோடு வெட்டி, ஓரங்களை உள்ளே மடித்துவிடுவோம். அதுவரை ஜன்னலைத் திறக்கக் கூடாது. காற்று பட்டால் ஓரம் தூக்கிக்கொள்ளும்.

அந்த அறைக்கு நான் காகிதம் ஒட்டிய அன்று, நான் ஏறி நின்ற நாற்காலியைப் பிடித்தபடி அண்ணி, "தம்பி, அந்த ஓட்டை?" என்று கேட்டார். நாளைக்கு வந்து வெட்டிவிடுகிறேன் என்றேன். இரண்டு நாளைக்கு ஜன்னலைத் திறக்காதீர்கள் என்றும் சொன்னேன். மறுநாள் நண்பர்களோடு சீட்டாட உட்கார்ந்துவிட்டேன். அதற்கு மறுநாளும் அதே சீட்டு, அதே கும்பல். மூன்றாம் நாள் கத்தியோடு நான் அந்த வீட்டுக்குப் போனபோது வாசலில் கூட்டம் நின்றது. கத்தியைப் பைக்குள் போட்டுக்கொண்டு நானும் அழுதேன்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கல்யாணம் ஆனது. இன்றுவரை என் வீட்டில் நான் ஜன்னலைச் சாத்தவிட்டதில்லை. "இந்தக் குளிர்ல எனக்குக் கம்பளியைக் கட்டி வச்சிருக்கலாம், உங்களைக் கட்டி வச்சிட்டாங்க" என்பாள் மனைவி.

வேலையைத் தொடங்கினேன். வெந்நீரில் நனைத்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, மேலிருந்து கீழே உரிக்க வேண்டும். ஊறிய பழைய பசையிலிருந்து புளித்த மாவின் வாடை எழுந்தது. காகிதம் சொன்னபடி கேட்டது. மதியத்துக்குள் மூன்று சுவர்களை உரித்து முடித்துவிட்டேன். நாலாவது சுவரைத்தான் அதுவரை நிமிர்ந்து பார்க்காமல் இருந்தேன்.

ஏணியைப் போட்டு ஏறினேன். துளை இருந்த இடம் பூக்களுக்கு நடுவே அடையாளமே இல்லாமல் கிடந்தது. நல்ல ஒட்டு. அந்த நேரத்திலும் என் கைவேலை எனக்கே அழகாகத் தெரிந்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஸ்பாஞ்சை வைத்து அழுத்தினேன். ஈரம் ஏறவில்லை. தண்ணீர் முத்து முத்தாக வழிந்து கீழே போனது.

அப்போதுதான் பார்த்தேன்.

காகிதம் மெல்ல உள்ளே குழிந்தது.

பிறகு மெல்ல வெளியே உப்பியது.

காற்று, வேறென்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லும்போதே நினைவு வந்தது. காலையில் வீட்டைச் சுற்றி வந்தபோது பின்பக்கம் பார்த்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் இந்தச் சுவரோடு ஒட்டி ஓர் அறை கட்டியிருக்கிறார். வெளியிலிருந்து இந்தத் துளைக்குள் காற்று நுழைய வழியே கிடையாது.

உள்ளே. வெளியே.

தூங்குகிறவருடைய மூச்சு அல்ல அது. காற்றுக்குத் தவிக்கிறவருடைய மூச்சு.

இறங்கி ஓடியிருக்கலாம். காய்ந்த பிறகு வெட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேனே, காய்ந்து இருபத்திரண்டு வருடமாகிறதே என்றுதான் மனதில் ஓடியது. பையிலிருந்து கத்தியை எடுத்தேன். முதல் கோடு கோணலாக விழுந்தது. இரண்டாவது கோட்டை இழுத்தவுடன் துளையிலிருந்து வெதுவெதுப்பான ஒரு பெருமூச்சு வந்து முகத்தில் பட்டது. அதில் தையல் மெஷின் எண்ணெயின் வாசம் இருந்தது.

"அண்ணி," என்றேன்.

துளையை மூடியிருந்த காகிதம் தானாகவே கழன்று என் கையில் விழுந்தது. பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். காய்ந்து இறுகிய பசையில் நான்கு விரல்கள் இழுத்த கோடுகள். மெல்லிய விரல்கள். துளைக்குள்ளே இருந்து யாரோ பிறாண்டியதுபோல, ஒன்றன்மேல் ஒன்றாக, எத்தனையோ தடவை.

"என்னடா, ஏணியிலேயே தூங்கிட்டியா?"

அண்ணன் அறைவாசலில் நின்றார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். "இங்க ஒரு ஓட்டை இருந்துச்சா?" என்றார். அவர் அண்ணாந்து பார்க்கிற ஆளே கிடையாது. காரை உதிர்ந்து இப்போதுதான் விழுந்த ஓட்டை என்று ஒரு வார்த்தை சொன்னால் நம்பியிருப்பார். அந்தப் பொய் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடப் பழக்கமாயிற்றே.

ஆனால் இந்த அறையில் நாளைக்கு ஒரு குழந்தை தூங்கப் போகிறது. ஏணியிலிருந்து இறங்கி, தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். துளையைச் சொன்னேன், சீட்டாட்டத்தைச் சொன்னேன், ஜன்னலைத் திறக்காதீர்கள் என்று சொன்னதையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் அடிக்கவில்லை. தணிந்த குரலில் பேசினார்.

"உன் அண்ணி போனதுலேர்ந்து தினமும் கேப்பாடா. மதியம் மூணு மணி ஆச்சுன்னா இந்த ரூம்லேர்ந்து குரல் வரும். யார் மூடினது, யார் மூடினதுன்னு. கதவைத்தான் கேக்குறான்னு நெனச்சேன். நான்தாம்மா, நான்தாம்மான்னு தினமும் சொல்லிட்டிருந்தேன். ஆனாலும் மறுநாள் திரும்பக் கேப்பா."

மன்னிப்புக் கேட்க நினைத்து அவர் காலைத் தொடப் போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வேறு ஆளில்லாத அந்த அறையைப் பார்த்து, அடுப்படியில் இருக்கிற மனைவியிடம் பேசுவதுபோல, சாதாரணமாகச் சொன்னார்.

"கேட்டியா? நான் இல்ல. இவன்தான்."

துளையின் ஓரத்தில் மிஞ்சி ஆடிக்கொண்டிருந்த காகித நுனி நின்றுவிட்டது. கூடத்துக் கடிகாரம் மூன்று அடித்தது. அண்ணன் இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக அந்தக் கட்டிலில் படுத்து, சுவர்ப் பக்கம் திரும்பி, உடனே தூங்கிப்போனார்.

மீதிக் காகிதத்தை எப்படி உரித்தேன் என்று தெரியவில்லை. இருட்டுவதற்கு முன் வீடு திரும்பிவிட்டேன். மனத்தில் பாரம் இறங்கிய மாதிரியும் இருந்தது, இன்னொருவர் ஏறி உட்கார்ந்த மாதிரியும் இருந்தது.

கதவைத் திறந்ததும் வீட்டுக்குள் வெப்பம் முட்டியது. மனைவி முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். எல்லா ஜன்னல்களும் சாத்தியிருந்தன. கொக்கிகளும் போட்டிருந்தன.

"யார் மூடினது?" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது.

"ஏன் கோவிக்கிறீங்க? நீங்கதானே சொல்லி அனுப்பினீங்க," என்றாள் அவள். "மூணு மணி இருக்கும். ஒரு அம்மா கதவுக்கு அந்தப் பக்கம் நின்னே சொல்லிட்டுப் போனாங்க. நான் போய்த் திறக்கிறதுக்குள்ள ஆளைக் காணோம். ஏதோ மெஷின் எண்ணெய் வாசம் மட்டும் இருந்துச்சு."

"என்ன சொன்னாங்க?"

"ரெண்டு நாளைக்கு ஜன்னலைத் திறக்க வேணாமாம். தம்பி சொன்னாருன்னு சொன்னாங்க."

நான் ஜன்னலுக்கு ஓடிக் கொக்கியைப் பிடித்து இழுத்தேன். அது அசையவில்லை. சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே, சுற்றிலும், பூப்போட்ட காகிதம் பட்டை பட்டையாக ஒட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். பசை இன்னும் காயவில்லை.