மூச்சு எடுக்கும் இடம்

குக்கர் அடங்கிய பிறகும் வீட்டில் ஏதோ ஒன்று முனகிக்கொண்டிருந்தது. அபிகாயில் முதலில் ஃப்ரிட்ஜைச் சந்தேகித்தாள், பிறகு ஹீட்டரை. இரண்டின் மேலும் கை வைத்துப் பார்த்துவிட்டு, ஈரக் கையை நைட்டியில் துடைத்தபடி, வெங்காய வாசனை பின்னாலேயே வர, ஹாலுக்கு வந்தாள். ஃப்ரீமான்ட்டில் நவம்பர் மாதம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். விளக்குப் போடாத ஹாலில், சோபாவுக்குப் பக்கத்துச் சுவரில், அவள் கணவன் ஆட்ரியனின் தியோர்போ சாய்ந்திருந்தது. பானை வயிறும் ஆளை விட உயரமான கழுத்தும் கொண்ட பெரிய லூட், வீணை மாதிரி மீட்டுகிற பழைய ஐரோப்பிய வாத்தியம் அது. யாரும் அதைத் தொடவில்லை. ஆனாலும் அதன் நரம்புகளில் ஒன்று அதிர்ந்துகொண்டிருந்தது.

விரலை வைத்தாள். அது அடங்கியது. பக்கத்து நரம்பு முனக ஆரம்பித்தது.

ஆட்ரியன் இதைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறான். தியோர்போவின் நீண்ட அடி நரம்புகளை விரலால் அழுத்துவதே இல்லை, சும்மா மீட்டுவதோடு சரி. அதனால் அவை எந்நேரமும் காதைத் திறந்து வைத்துக்கொண்டு கிடக்கும். அறையில் யாராவது பாடினால், அந்தச் சுரத்துக்கு உரிய நரம்பு தொடாமலேயே பதில் சொல்லும். "யாராவது பாடினாத்தான் ரிங் ஆகும், அபி. சும்மா எல்லாம் ஆகாது," என்று அடித்துச் சொல்லியிருந்தான்.

இப்போது அறையில் யாரும் பாடவில்லை. குறைந்தபட்சம் அவள் காதுக்குக் கேட்கிற மாதிரி யாரும் பாடவில்லை.

ஒரு நரம்பு ஓய, இன்னொன்று எழுந்தது. அதற்குப் பிறகு அதற்குக் கீழே ஒன்று. ஒரு நிதானம் இருந்தது அதில். யாரோ அவசரமே இல்லாமல், வரி வரியாகப் போவது போல. அபிகாயில் அந்த வரிசையைத் தெரிந்துகொண்டாள். ஏழு மணிக்கு விருந்தாளிகள் முன்னால் அவள் பாடப்போகிற பாட்டு அது.

வாரநாளில் சிப் டிசைன், சனி ஞாயிறில் பிரெஞ்சு ராஜாவின் அரண்மனைச் சங்கீதம் என்று வாழ்கிறவன் ஆட்ரியன். பாளையங்கோட்டைக்காரனுக்கு இது தேவையா என்று சர்ச்சில் கேட்காத ஆளில்லை. முந்நூறு வருஷத்துக்கு முந்தைய அந்த அரண்மனைப் பாட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. முதல் சரணத்தை எழுதியிருக்கிறபடி எளிமையாகப் பாட வேண்டும். இரண்டாவது சரணத்தில் அதே மெட்டுக்குப் பாடுகிறவள் தன் சொந்த நெளிவு சுளிவுகளைப் போட வேண்டும். ஆட்ரியனின் முதல் மனைவி கிருபாராணி அதில் கெட்டிக்காரி. அவள் அபிகாயிலின் கூடப் பிறந்த அக்கா.

அபிகாயிலுக்குச் சொந்தமாக எதுவும் வரவில்லை. அக்கா பாடிப் பழகிய கேசட்டை எடுத்து, ஊரில் பாட்டுப் படிக்கிற மாதிரியே, ஓட்டி ஓட்டி, திரும்பத் திரும்பப் பாடி மனப்பாடம் செய்தாள். நம் ஊரில் ஒருவரை அச்சு அசலாகப் பாடினால் பாராட்டுவார்கள். இதிலென்ன தப்பு என்றுதான் அவளும் நினைத்தாள். ஒவ்வொரு அசைவையும் எடுத்துக்கொண்டாள். அக்கா மூச்சு எடுக்கிற இடங்களைக்கூட விடவில்லை.

அக்காவுக்கு எதையும் யாருக்கும் விட்டுக்கொடுக்கும் பழக்கம் இல்லை. சின்ன வயதில் சொல்லாமல் எடுத்த ஒரு ரிப்பனுக்காக, பெரிய லீவு முழுக்கத் தங்கையோடு பேசாமல் இருந்தவள்.

டொம்.

முனகல் இல்லை இது. அடியில் இருக்கும் தடித்த நரம்பை யாரோ இழுத்து விட்டிருந்தார்கள். அந்த நரம்பு நடுங்குவது அரையிருட்டிலும் தெரிந்தது. இழுப்புக்கு அக்கா எப்போதும் நெஞ்சில் தடவிக்கொள்கிற விக்ஸ் வாசனை வந்தது.

டொம்.

அபிகாயில் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அந்தச் சத்தம் அவளுக்குப் புதிதில்லை. அன்றைக்கும், அக்கா வீட்டில் தங்கியிருந்த அவள் சமையலறையில்தான் இருந்தாள். அக்கா ஹாலில் பாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று இழுப்பு வந்து குரல் அடைத்துவிட்டது. இன்ஹேலர் கைப்பையில், மவ்ரி அவென்யூ கடைக்குப் போவதற்காக அபிகாயில் இரவல் வாங்கிய அந்தக் கைப்பை அவள் அறையில். கூப்பிடக் குரல் இல்லாத அக்கா, தரையில் தவழ்ந்து போய் இந்த நரம்பை இழுத்து இழுத்து விட்டாள். அபிகாயிலுக்கு முதல் தடவையிலேயே புரிந்தது. புரிந்தும் வெங்காயத்தை நறுக்கி முடித்தாள். இந்த வீடும், இந்த மனிதனும், அக்காவை அவன் பார்க்கிற அந்தப் பார்வையும் அவளுக்கு வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் ஆகட்டும் என்று நினைத்தாள். மிக்ஸியைப் போட்டாள். மிக்ஸி நின்றபோது ஹாலில் சத்தம் இல்லை.

பாவம், மிக்ஸி சத்தத்தில் பிள்ளைக்குக் கேட்கவில்லை என்று எல்லோரும் அவளைத்தான் தேற்றினார்கள்.

கராஜ் கதவு உறுமியது. ஆட்ரியன் உள்ளே வந்து விளக்கைப் போட்டான். நரம்புகள் அசையாமல் இருந்தன.

"என்ன அபி, இருட்டுல நிக்கற? இன்னும் ரெடி ஆகலையா?"

"இன்னைக்கு அந்தப் பாட்டு வேண்டாங்க. தொண்டை சரியில்ல."

"எல்லாரும் கிளம்பிட்டாங்கம்மா. ராணி நினைவுக்குன்னு சர்ச்ல அனௌன்ஸ் வேற பண்ணிட்டேன். இப்ப கேன்சல் பண்ணா என்ன நினைப்பாங்க?"

என்ன நினைப்பார்கள் என்பதுதான் அவளுக்கும் பயம். போய்ப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள்.

ஆட்கள் வந்தார்கள். வாசலில் செருப்புகள் குவிந்தன. பிரியாணி டிரேயோடு வந்த கலாவதி ஆன்ட்டி அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "என்னட்டி, உடம்பு இப்படிச் சில்லுன்னு இருக்கு? சுடுதண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன் ஆன்ட்டி."

"அக்காவ மனசுல வச்சிக்கிட்டுப் பாடு. அவ உன்கூடத்தான் நிப்பா."

ஆட்ரியன் நெடுநேரம் சுருதி சேர்த்தான். அபிகாயில் அவன் பக்கத்தில், ஹாலின் பெரிய ஜன்னலைப் பார்த்தபடி நின்றாள். முதல் சரணம் நன்றாகவே போனது. குரல் எப்போதும் போலச் சன்னமாக, எப்போதும் போல ஜாக்கிரதையாக வந்தது. எல்லாம் பிரமை, பயந்த மனசு காட்டிய வேடிக்கை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இரண்டாவது சரணத்தை ஆரம்பித்தாள். கேசட்டில் இருந்தபடி முதல் நெளிவு. கேசட்டில் இருந்தபடி இரண்டாவது. அடுத்தது மூச்சு எடுக்கும் இடம்.

வாயைத் திறந்தாள். காற்று உள்ளே வரவில்லை.

விக்ஸ் வாசனை.

பாட்டு நிற்கவில்லை. அவள் தொண்டையிலிருந்து, அவளைக் கேட்காமல், போய்க்கொண்டே இருந்தது. கேசட்டில் இல்லாத நெளிவுகள். அபிகாயிலுக்கு ஒருநாளும் எட்டாத உயரம். அடுத்த மூச்சு எடுக்கும் இடம் வந்தது. தாண்டிப் போனது. அதற்கு அடுத்தது. அதையும் தாண்டியது. நெஞ்சு வெடித்தது. கையைத் தூக்கப் பார்த்தாள். தூக்க முடியவில்லை. விழப் பார்த்தாள். முழங்கால் மடங்கவில்லை.

அறையில் ஒரு இருமல் இல்லை. கலாவதி ஆன்ட்டி நெஞ்சில் கை வைத்திருந்தாள். ஆட்ரியன் நிமிர்ந்து பார்த்தான். இந்த வீட்டில் எந்தப் பார்வைக்காக அவள் காத்திருந்தாளோ, அதே பார்வை. கண் நிறைந்து, அன்பு வழிய. அது அவளைப் பார்க்கவில்லை.

காப்பாத்துங்க.

பாட்டு முடிகிற இடம் வந்தது. குரல் முடிக்கவில்லை. ஆட்ரியன் சிரித்தபடி தலையசைத்து, முதல் சரணத்துக்குத் திரும்பினான்.

எதிரே கறுத்த ஜன்னல் கண்ணாடியில் பட்டுப்புடவை கட்டிய ஒருத்தி நின்றாள். அறையில் யார் கண்ணுக்கும் படாமல், அவள் முகம் நீலம் பூத்திருந்தது. கண்கள் பிதுங்கியிருந்தன. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. நாக்கும் உதடும் அசையவில்லை. அந்த வாயிலிருந்து, நிதானமாக, மூச்சே எடுக்காமல், பாட்டு வந்துகொண்டிருந்தது.