மண்ணுக்கு மூலை உண்டா?

எலிக்குட்டி என்று அவளுக்குப் பெயர் வைத்தது அம்மாதான். கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் பதுக்கிவிடுவாள். உள்ளே என்னதான் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பார்க்க யாரையும் அவள் விட்டதில்லை.

அம்மாவுக்கு மண்ணைத் தோண்டிப் பழைய காலத்தைத் தேடும் வேலை. பள்ளி விட்டதும் எலிக்குட்டி நேராகக் குழிக்கு வந்துவிடுவாள். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதில் உட்கார்ந்துகொள்வாள்.

அன்று அம்மாவின் குழுவினர் எல்லோரும் குழிக்குள் குனிந்து நின்றிருந்தார்கள்.

இருநூறு வருடங்களுக்கு முன், கப்பலில் வந்து நாட்டைப் பிடித்தவர்கள் அங்கே ஒரு மாளிகை கட்டியிருந்தார்கள். அதன் தரை இடுப்பளவு ஆழத்தில் கிடைத்தது. அதற்கும் கீழே கற்கால மனிதர்களின் தடயம் இருக்கும் என்று அம்மா நம்பினாள். இரண்டு மாதமாகத் தூரிகையால் கூட்டிக் கூட்டித்தான் இவ்வளவு ஆழம் வந்திருந்தாள்.

இப்போது ஒரு கற்காலக் கோடரி கிடைத்துவிட்டது. ஆனால் இருக்கக்கூடாத இடத்தில், மாளிகையின் தரையை ஒட்டி!

"மேல்மண்ணும் கீழ்மண்ணும் கலந்துபோச்சும்மா," என்றார் குழுவின் தலைவர். எல்லோருக்கும் அவர் 'சார்'. "யாரோ முன்னாடியே கிண்டியிருக்காங்க. கலைஞ்ச குழியில எதை எடுத்தாலும் எந்தக் காலத்துதுன்னு சொல்ல முடியாது. நாளைக்கு மூடிடலாம்."

"சரி சார்," என்றாள் அம்மா. தூரிகையில் இல்லாத மண்ணைத் தட்டித் தட்டி உதறினாள்.

எலிக்குட்டி வாளியிலிருந்து எழுந்து வந்தாள். தட்டில் வைத்திருந்தவற்றைப் பார்த்தாள். உள்ளங்கை அளவு கோடரி. இரண்டு களிமண் கோலிகள். ஒரு பித்தளைப் பொத்தான். நீலப் பூப்போட்ட பீங்கான் துண்டு. ஒரு சிப்பி. எல்லாம் ஒரு சாண் இடத்துக்குள் கிடந்தவை. பிறகு அவை கிடந்த இடத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சார், மண்ணுக்கு மூலை இருக்குமா?"

"என்னது?"

"அங்க செவப்பா ஒரு கோடு ஓடுது பாருங்க. நேராப் போய்த் திரும்புது. நாலு மூலை இருக்கு."

சார் குனிந்தார். "அது துருதாம்மா. ஏதாவது ஆணி கிடந்திருக்கும்."

"ஆணிக்கு ஏது சார் நாலு மூலை? அது டப்பா. யாரோ ஒரு பிள்ளை ஒளிச்சு வெச்ச டப்பா!"

சார் சிரித்துவிட்டார். "கோடரி, கோலி, பொத்தான்... ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லையே. இதையெல்லாம் ஒரே டப்பாவுல யாராவது போட்டு வெப்பாங்களா?"

போட்டு வைப்பார்கள். அதற்கான சாட்சி அவளுடைய புத்தகப்பையிலேயே இருந்தது. ஆனால் அதைத் திறந்தால் இன்னொன்றும் வெளியே வந்துவிடும்.

அம்மா இன்னும் தூரிகையை உதறிக்கொண்டிருந்தாள்.

எலிக்குட்டி போய் டப்பாவை எடுத்து வந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு மூடியைத் திறந்தாள்.

உள்ளே ஒரு கோலி. ஓர் இறகு. ஓடாத கைக்கடிகாரம். அவளுடைய முதல் பால்பல். நடுவில் பளபளவென்று ஒரு பித்தளைக் குண்டு. குழியின் சுவர் நேராக இருக்கிறதா என்று நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்க்கும் தூக்குக்குண்டு அது. போன வாரம் காணாமல் போனது.

"அடிப்பாவி!" என்று அலறினார் குழுவுக்குப் படம் எடுக்கும் அண்ணன். "இதைத் தொலைச்சேன்னு என் தலையை இல்ல உருட்டினாங்க!"

"மன்னிச்சிடுங்கண்ணா. அழகா இருந்துச்சு. அப்புறம் திருப்பிக் குடுக்க பயமாயிடுச்சு."

அம்மா முறைத்தாள். ஆனால் அந்த முறைப்பு பாதியிலேயே நின்றுபோனது. அவள் டப்பாவை வாங்கித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குழிக்குள் மண்டியிட்டார். சிவப்புக் கோட்டை விரலால் தொடர்ந்தார். ஒரு மூலை. இரண்டு. மூன்று. நான்கு.

துருவில் கொஞ்சம் கிள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார்.

"தகர டப்பாதான்," என்றார் கடைசியில். "தகரம் மக்கிப்போச்சு, துரு மட்டும் மிஞ்சியிருக்கு. மண்ணு கலையல. அந்தக் காலத்துப் பிள்ளை ஒண்ணு எங்கயோ கோடரியைப் பார்த்து எடுத்து வெச்சிருக்கு."

"சின்னப் பிள்ளை ரொம்ப தூரமா போயிருக்கும்?" என்றாள் எலிக்குட்டி. "இங்கதான் பக்கத்துல எங்கயாவது எடுத்திருக்கும்."

சாரும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"குழியை மூட வேண்டாம்மா," என்றார் சார். "நாளைக்கு இன்னும் கொஞ்சம் ஆழமாப் போவோம்."

அண்ணன் தூக்குக்குண்டை எடுத்துச் சட்டைப்பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டார். ஒரு பழைய கேமரா மூடியை டப்பாவில் வைத்தார். "இது கேட்டுக் குடுக்கிறது. இனிமே கேக்காம எடுத்தா, டப்பாவோட உன்னையும் புதைச்சிடுவேன்."

அம்மா கோடரியை ஒரு பையில் போட்டு, அதற்கான சீட்டை எழுதினாள். என்ன பொருள், எந்தக் குழி, எவ்வளவு ஆழம் என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தவள், 'கண்டெடுத்தவர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதப் போனாள்.

"அம்மா, முதல்ல கண்டெடுத்தது நீ இல்லையே?"

அம்மா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி யோசித்தாள். பிறகு சிரித்துக்கொண்டே எழுதினாள்:

'முதலில் கண்டெடுத்தவர்: இருநூறு வருடங்களுக்கு முந்தைய ஓர் எலிக்குட்டி.'