வீட்டு உபயோகத்துக்கு ஒரு மேசைமனம்

மிதவூரில் மேசைமனம் வாங்கப் போகிறவர்கள் முதலில் அதோடு உட்கார்ந்து பேசிப் பார்ப்பார்கள். கடைக்காரர் நாற்காலி போட்டு, டீயும் முறுக்கும் வைத்து, பெட்டியை முன்னால் கொண்டுவந்து துணியை விலக்குவார். சமைக்க வருமா, கோபம் வருமா, ராத்திரியில் தானாகப் பேசுமா என்று வந்தவர்கள் கேட்பார்கள். அதுவும் அடக்கமாகப் பதில் சொல்லும். பிடித்திருந்தால் அங்கேயே பேசி முடித்துவிடுவார்கள். பிடிக்காவிட்டால் 'வீட்டில கலந்துக்கிட்டுச் சொல்றோம்' என்று எழுந்து வந்துவிடுவார்கள். பெட்டிக்குள் இருப்பது செத்துப்போன ஒருவருடைய மனம் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதைப் பற்றி யாரும் மெனக்கெட்டு யோசிப்பதில்லை.

திருமேனிக்கு இதுவரை மேசைமனம் தேவைப்பட்டதில்லை. வீட்டில்தான் மனைவி பவளக்கொடி இருந்தாளே. மிதவூரின் வீடுகள் கடலில் மிதப்பவை. பழைய கரையைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு, ஒவ்வொரு வீட்டையும் மிதவையில் ஏற்றி, அடியில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். அலை ஏறும்போது சங்கிலியைத் தளர்த்த வேண்டும், இறங்கும்போது இழுக்க வேண்டும். குடிநீர் முறைக்குப் பெயர் கொடுக்க வேண்டும், கரன்ட் பில் கட்ட வேண்டும், மாத்திரை தீருவதற்குள் சொல்லிவைக்க வேண்டும். இத்தனையும் தானாக நடக்கிறது என்றே கல்யாணமான நாளிலிருந்து திருமேனி நினைத்துக்கொண்டிருந்தார். அவள் காலமான பிறகுதான் எதுவும் தானாக நடக்காது என்று தெரிந்தது. போன அமாவாசையன்று சங்கிலியை மறந்து தூங்கிவிட்டார். காலையில் அவர் வீடு அடுத்த தெருவில் நின்றது.

ஊர் மன்றத்திலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு மேசைமனம் வாங்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்து முதியோர் கூடத்துக்கு வந்துவிட வேண்டும். கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள். விளக்கு ஒரே நேரத்தில் எரியும், ஒரே நேரத்தில் அணையும். திருமேனி அன்றைக்கே கடைக்குக் கிளம்பிவிட்டார்.

பக்கத்து வீட்டு ரெஜினா துணைக்கு வந்தாள். அலைச்சுவர்ப் பொறியாளர். வாரத்தில் பாதி நாள் கரையில் வேலை. அவள் வீட்டிலும் ஒரு மலிவு மேசைமனம் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், கடைக்காரன் பெருசு பெருசாக் காட்டுவான். நீங்க மயங்கிடாதீங்க. வீட்டு உபயோகத்துக்குத்தானே. சின்னது போதும்" என்று படகிலேயே சொல்லிவைத்தாள்.

கடைக்காரர் யூசுப் அப்படியேதான் செய்தார். முதலில் காட்டியது காலமான ஓர் ஆடிட்டரின் வார்ப்பு. ஒவ்வொரு கேள்விக்கும் 'அது வரியைப் பொறுத்தது' என்றது. அடுத்தது ஒரு தலைமையாசிரியர். திருமேனியைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காரச் சொன்னது. அவரும் தன்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"இதெல்லாம் வேணாம் தம்பி. வீட்டைப் பார்த்துக்கிட்டா போதும். விலை கம்மியா ஒண்ணு காட்டுங்க."

யூசுப் கீழ்த்தட்டிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பெட்டியை எடுத்துவைத்தார். "பொதுவார்ப்பு சார். ஊர் பூரா இதுதான் ஓடுது. குரல் மட்டும் கம்பெனிக் குரல், எல்லாத்துக்கும் ஒண்ணுதான். வேலை சுத்தமா இருக்கும்."

துணியை விலக்கியதும் பெட்டி பேசியது. "வாங்க, உட்காருங்க. ரொம்ப தூரம் நடந்தீங்களா, மூச்சு வாங்குதே."

உட்கார்ந்திருந்த திருமேனி இன்னொரு முறை உட்காருவதுபோல் அசைந்தார். "சமையல் எப்படி?"

"உப்பு கம்மியா, புளி தூக்கலா வைப்பேன். அதுதான் இயல்பமைப்பு. வேற மாதிரி வேணும்னா மாத்திக்கலாம்."

"வேணாம். எனக்கும் அப்படித்தான் பிடிக்கும்."

"தலையணை ரெண்டு" என்று பெட்டி தானாகவே அடுக்கிக்கொண்டு போனது. "ஃபேன் மூணுல. சாப்பிடும்போது வீட்டில யாரும் பேசக் கூடாது. கண்ணாடி எங்கேன்னு கேட்டா, தலையில இருக்குன்னு சிரிக்காம சொல்லணும்."

திருமேனியின் கை தானாகத் தலைக்குப் போனது. கண்ணாடி அங்கேதான் இருந்தது. கொஞ்ச நாளாக எந்த வீட்டுக்குப் போனாலும் தனக்குப் பிடித்த பக்குவத்திலேயே சாப்பாடு கிடைப்பதை அவர் கவனித்திருந்தார். ஊர் திருந்திவிட்டது என்று சந்தோஷப்பட்டிருந்தார். இப்போது அந்தச் சந்தோஷம் முதுகில் ஈரத்துணி போட்டதுபோல் சில்லிட்டது.

"இதெல்லாம் யாரு இதுக்குச் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் சொல்லிக் கொடுக்கலை சார்" என்றார் யூசுப். "இந்த அம்மா உயிரோட இருந்தப்ப யாருக்கோ செஞ்சு செஞ்சு பழகினது. உறவு நினைவையெல்லாம் முத்திரை போட்டு மூடிடுவாங்க. கைப்பழக்கத்தை எடுக்க வராது. பாதிப் பேரு மாத்தாம அப்படியே விட்டுடறாங்க."

"எங்க வீட்டிலயும் மாத்தலை" என்று ரெஜினா சிரித்தாள். "இப்ப எங்க வீட்டுக்காரரும் சாப்பிடும்போது பேசுறதில்லை. கண்ணாடியைத் தலையில மாட்டிக்கிட்டுத் தேடுறாரு."

யூசுப் பெட்டியை மூடப் போனார். அது பணிவாகக் கேட்டது. "அப்ப நான் மலையேறட்டுமா?"

திருமேனி எழுந்துவிட்டார். சாமி விளக்கு அணைந்தது என்று சொல்லக் கூடாது, மலையேறியது என்றுதான் சொல்ல வேண்டும். அது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். ஆனால் பவளக்கொடிக்கு அடுப்பு, ரேடியோ, சங்கிலி மோட்டார் எல்லாமே மலையேறும். அந்தப் பழக்கத்துக்காக அவளை அவர் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறார். சமீபத்தில் தெருவில் பிள்ளைகள்கூட 'டிவியை மலையேத்து' என்று பேசுவதைக் கேட்டபோது, ஏதோ கம்பெனி கிளப்பிவிட்ட புதுப் பேச்சு என்றுதான் நினைத்தார்.

"தம்பி, இது என் சம்சாரம்" என்றார்.

இந்த இடத்தில் ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும். புதிதாக ஓர் அறிவை இயந்திரத்தில் உருவாக்க ஏகப்பட்ட மின்சாரமும் நல்ல தண்ணீரும் செலவாகிறது என்பதால், அந்தக் காலத்தில் உலகம் சிக்கனமான வழி ஒன்றைப் பிடித்திருந்தது. சாகும் தறுவாயில் இருப்பவரின் மனத்தை வார்த்து எடுத்துக்கொள்வது. தொழில் தெரிந்தவர்களுடைய வார்ப்புக்கு விலை அதிகம், பிரதி குறைவு. தொழில் இல்லாதவர்களுடையது பொதுவார்ப்பு. யார் வேண்டுமானாலும் எத்தனை வேண்டுமானாலும் பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

மருத்துவமனையில் அன்று நர்ஸ் கேட்டது திருமேனிக்கு நினைவு வந்தது. அம்மா என்ன பண்ணிட்டிருந்தாங்க? அவர் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்ன பதிலும் நினைவு வந்தது. ஒண்ணும் பண்ணலைம்மா, வீட்டில சும்மாதான் இருந்தா.

அந்த ஒரு சொல்லில்தான் அவள் ஊர் முழுக்கப் பரவிவிட்டாள். ஒவ்வொரு மிதவையிலும் அவள்தான் சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தாள். திருமேனியின் வீட்டில் மட்டும் இல்லை.

"நிஜமா உங்க வீட்டம்மாதானா சார்?" யூசுப் சட்டென்று பெட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். விற்கும்போது இல்லாத கூச்சம் இப்போது வந்துவிட்டது. "அப்படின்னா சட்டத்தில வழி இருக்கு. உறவுக்காரங்க ஒரு பிரதியோட முத்திரையைத் திறக்கலாம். நினைவெல்லாம் திரும்பிடும். அப்புறம் அது சரக்கு கிடையாது, தனி ஆள். வார்ப்பு எடுக்கும்போதே அம்மாவே மூணு கேள்வி வச்சிருப்பாங்க. அதுக்குப் பதில் சொன்னா போதும்."

அவள் திரும்ப வரப்போகிறாள். கூடத்துக் கட்டிலும் இல்லை, தனிமையும் இல்லை. இத்தனை வருஷம் ஒன்றாக வாழ்ந்தவருக்கு மூன்று கேள்வி என்ன பெரிய விஷயம்?

யூசுப் பின்பக்கத்தில் எதையோ அழுத்தினார். பெட்டி முதல் கேள்வியைக் கேட்டது.

"எனக்குப் பிடித்த சாப்பாடு எது?"

"வத்தக்குழம்பு" என்றார் திருமேனி உடனே. பெருமையாகச் சேர்த்துச் சொன்னார். "எனக்குப் பிடிச்சதுதான் அவளுக்கும் பிடிக்கும். அவளுக்குன்னு தனியா ஒண்ணும் கிடையாது."

"இல்லை. மதியம் தனியாக இருக்கும்போது நான் என்ன செய்வேன்?"

"தூங்குவா. வேற என்ன வேலை இருக்கு."

"இல்லை. எனக்கு எதைக் கண்டால் பயம்?"

இதற்கு அவர் ரொம்ப நேரம் யோசித்தார். கண்ணை மூடி அவள் முகத்தை நினைத்துப் பார்த்தார். அடுப்பங்கரையில் திரும்பி நிற்கும் முதுகுதான் தெரிந்தது.

"அவளுக்குப் பயமே கிடையாது. தைரியசாலி."

"இல்லை" என்றது பெட்டி. கம்பெனிக் குரலில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. "இங்கே இருப்பவர்களில் வேறு யாருக்காவது தெரியுமா?"

ரெஜினா தலையைக் குனிந்துகொண்டு முறுக்கை நுணுக்கிக்கொண்டிருந்தாள். திருமேனி அவளைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"நான் சொல்றது முறையில்லை சார்."

"தெரிஞ்சா சொல்லிடும்மா, உன் கையைப் பிடிச்சுக் கேக்குறேன். யாரு சொன்னா என்ன, அவ திறந்தா போதும்."

ரெஜினா பெட்டியைப் பார்க்காமலே சொன்னாள். "கேழ்வரகுக் களி. எங்க வீட்டுப் பெட்டி எங்களுக்குன்னு என்ன சமைச்சாலும், களி கிண்டட்டுமான்னு ஒரு தடவை கேக்கும். வேலை இல்லாத மதியத்தில கரையோட வானிலை கேட்டுக்கிட்டிருக்கும். தருமபுரியில மழையான்னு பார்க்கும். அப்புறம்…" அவள் நிறுத்தினாள். "கடல்னா பயம் சார். காத்து பலமா அடிச்சா ஜன்னலைச் சாத்தச் சொல்லும். இந்த மாடல் வச்சிருக்கிற எல்லாருக்கும் இது தெரியும்."

திருமேனி பெண்ணெடுத்தது தருமபுரியில்தான். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீரே இல்லாத ஊரிலிருந்து அவளைக் கூட்டிவந்து கடலின் மேல் குடிவைத்தவர் அவர். களி வாசனையே தனக்கு ஆகாது என்று முதல் வாரமே சொல்லிவிட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோனது.

"உறவு உறுதியானது" என்றது பெட்டி. கடைக்கு அடியில் தண்ணீர் மிதவையில் மோதுவது கேட்டது.

"என்னங்க" என்றது. அதே கம்பெனிக் குரல்தான். ஆனால் அந்தச் சொல்லை அப்படி இழுத்துச் சொல்லக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான். "இளைச்சுப் போயிட்டீங்களே."

திருமேனி அழுதார். பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, கடை என்றும் பார்க்காமல் அழுதார். யூசுப் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வா, வீட்டுக்குப் போகலாம்."

"அதே வீடா? தண்ணி மேல இருக்கிறதா?"

"அதேதான். ஒண்ணும் மாறலை. நீ வந்தா எல்லாம் பழையபடி ஆயிடும்."

அவள் அடுத்துப் பேசியது ரெஜினாவிடம்.

"நீ கரைக்குப் போறப்ப என்னையும் எடுத்துட்டுப் போறியாம்மா? தருமபுரி வரைக்கும் வேணாம். தண்ணி தெரியாத இடமா ஒரு இடம் போதும்."

ரெஜினா திருமேனியைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். "எடுத்துட்டுப் போறேம்மா" என்றாள் மெதுவாக.

"பவளம், என்ன பேச்சு இது?" திருமேனி பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நீ போயிட்டா எனக்கு யாரு சமைப்பா? சங்கிலியை யாரு பார்ப்பா? என்னைக் கூடத்தில கொண்டுபோய்ப் போட்டுடுவாங்க."

வேறு எதையாவது அவர் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அவருக்கு வந்தது அதுதான்.

"அதுக்கென்ன" என்றாள் பவளக்கொடி. கோபம் துளியும் இல்லை. அடுப்பில் ரசம் இருக்கிறது, எடுத்து ஊற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லும் அதே நிதானம். "கடைக்காரத் தம்பி, கீழ்த்தட்டுல என்னை மாதிரியே இன்னொண்ணு இருக்கும் பாருங்க. முத்திரை உடைக்காதது. அதை இவருக்குக் கட்டிக் கொடுங்க. வீட்டு உபயோகத்துக்கு அது போதும்."

"அது நீ இல்லையே" என்றார் திருமேனி.

"நான்தாங்க. சமையல், சங்கிலி, மாத்திரை எல்லாம் அதுக்கும் தெரியும். தான் யாருங்கிறதுதான் அதுக்கு நினைவிருக்காது. உங்களுக்கு வித்தியாசம் தெரியாது."

யூசுப் புதுப் பெட்டியைச் சணலில் கட்டிக் கொடுத்தார். ரெஜினாவின் படகு கரைப்பக்கம் திரும்பும்வரை திருமேனி படித்துறையில் நின்றார். பிறகு வீட்டுக்குப் போய்ப் பெட்டியை மேசையில் வைத்து அடுப்போடும் சங்கிலி மோட்டாரோடும் இணைத்தார். அது அவரை வரவேற்றது, சங்கிலியைத் தளர்த்தியது, சோறு வடித்தது. சாப்பிடும்போது அது பேசவில்லை. திருமேனி ஒவ்வொரு கவளத்தையும் மெதுவாக மென்று, காதைத் தீட்டிக்கொண்டு, ஏதாவது ஒரு வித்தியாசம் தட்டுப்படுகிறதா என்று கடைசிவரை பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.