கோவில்பதாகை வேனில் எண்ணெய் இல்லை

“எண்ணெயை எங்கடா வித்தே?”

“விக்கல சார்.”

“அப்ப நீயே குடிச்சிட்டியா?”

“நேத்துலேர்ந்து பச்சத் தண்ணி எறங்கல சார். எண்ணெய எங்க குடிக்கிறது?”

மூலையில் உட்கார்ந்திருந்த ஏட்டு சிரித்துவிட்டார். சிரித்த பிறகுதான் பெஞ்சில் இருந்தவனின் முகத்தைப் பார்த்தார். சட்டென்று குனிந்து காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

சப்-இன்ஸ்பெக்டர் துலுக்கானம் சிரிக்கவில்லை. வெளியே ஐப்பசி மழை ஆவடிச் சாலையைக் கழுவிக்கொண்டிருந்தது. பெஞ்சில் இருந்தவன் பெயர் தேவராஜ், வேன் டிரைவர். அவன் சட்டை முதுகு முழுக்கச் சேறு. நேற்று வண்டியைத் தள்ளியபோது பட்டது. அதை மாற்றிக்கொள்ளவும் அவனுக்குத் தோன்றவில்லை.

வேன் மதுரைவீரனுடையது. அவருக்கு இருந்த ஒரே சொத்து அந்த டீசல் வண்டிதான். கோவில்பதாகையிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றிப் போகும். நேற்று விடியற்காலை அவர் மனைவி சொர்ணத்துக்கு வலி கண்டது. கணவனும் மனைவியும் பின்னால் ஏறிக்கொள்ள, தேவராஜ் பெரிய ஆஸ்பத்திரிக்கு விரட்டினான். திருமுல்லைவாயல் தாண்டியதும் வண்டி ஒரு முறை அலறிவிட்டு நின்றது. எஞ்சின் இறுகிப் போயிருந்தது. அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால் எஞ்சினில் சொட்டு எண்ணெய் இல்லை. மழையில் கை காட்டிக் கை காட்டி, கடைசியில் ஒரு பால் வண்டி நின்றது. ஆஸ்பத்திரியில் சொர்ணம் பிழைத்துக்கொண்டாள். குழந்தை பிழைக்கவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து உண்டான குழந்தை.

அன்று காலையே மதுரைவீரன் ஸ்டேஷனுக்கு வந்து புகார் கொடுத்தார். முந்தாநாள்தான் புது எண்ணெய் ஊற்றியது. டிரைவர் அதை இறக்கி விற்றுவிட்டான் என்று சொன்னார். குனிந்து கையெழுத்துப் போட்டார். மணிக்கட்டில், மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் கொண்டுபோய் வேண்டிக்கொண்டபோது கட்டிய மஞ்சள் கயிறு, நனைந்து ஒட்டிக் கிடந்தது.

மாலைக்குள் தேவராஜ் வீட்டு ஓடுகளை யாரோ கல்லெறிந்து உடைத்துவிட்டார்கள். இன்னும் ஒரு நாள் போனால் தெரு அவனை என்ன செய்யும் என்று துலுக்கானத்துக்குத் தெரியும். வழக்குப் பதிவானால் ஜெயில். ஆகாவிட்டாலும் பிள்ளையைக் கொன்றவன் என்ற பெயர். அது ஜெயிலைவிட நீளமானது.

“உன் சீட்டுக்குப் பின்னால காலி எண்ணெய் டின் இருந்துச்சே?”

“அது ரேடியேட்டருக்குத் தண்ணி புடிக்கிற டின்னு சார். மோந்து பாருங்க.”

“எண்ணெய் இறங்கினா மீட்டர்ல முள்ளு காட்டாதா?”

“அந்த முள்ளு செத்து ஒரு வருசம் ஆவுது. ஓனருகிட்ட சொல்லிகினேதான் கீறேன்.” அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “அந்தம்மா என்னை அண்ணாத்தேன்னு கூப்புடும் சார். நா போயி…”

துலுக்கானம் எழுந்து குடையை எடுத்துக்கொண்டார்.

ஸ்டேஷன் பின்புறம் கட்டி இழுத்து வந்த வேன் நின்றது. வண்டிகளும் செத்துப்போகும் என்று அவருக்கு அன்றுதான் தோன்றியது. நான்கு சக்கரமும் சரியாக இருந்தும், எதையோ கேட்கக் காத்திருப்பதுபோல முகம் தொங்கி நின்றது.

ஒரு கோணியை விரித்துப் படுத்து அடியில் நுழைந்தார். எண்ணெய் இறக்கும் நட்டு இறுக்கமாக இருந்தது. வெளியே வந்து பின்கதவைத் தொட்டார். விரல் வழுக்கியது. கைக்குட்டையில் துடைத்தால் தேன் நிறத்தில் கறை. கறுக்காத, புது எண்ணெய். கதவின் கீழ்ப்பாதி, பம்பர், பின் அச்சு எல்லாவற்றிலும் அது தெறித்துப் படிந்திருந்தது. மழைநீர் அதன்மேல் முத்து முத்தாக நின்றது.

கிளம்புவதற்கு முன்பே விற்றுப்போன எண்ணெய், ஓடும் வண்டியின் பின்கதவில் எப்படி வந்து அடிக்கும்?

மறுபடி அடியில் நுழைந்து, டார்ச் அடித்தார். எஞ்சின் பக்கவாட்டில் டப்பா போல ஒரு நீல ஃபில்டர். அதன் கழுத்திலிருந்துதான் எண்ணெய் வழிந்திருந்தது. ஃபில்டரின் இடுப்பில் கறுத்த நூல் ஒன்று சுற்றிக் கிடந்தது. துடைக்கிற வேஸ்ட் துணியின் இழை என்று நினைத்து விட்டுவிட்டார்.

பதினொரு மணிக்கு ஜீப் குமணன்சாவடியில் நின்றது. கலீல் ரகுமானின் மெக்கானிக் ஷெட்டில் தகரத்தின்மேல் மழை கொட்டிய சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“எண்ணெய் மாத்தினது நீங்கதானே பாய்?”

“நான்தான் சார். மாத்தி, அரை மணி நேரம் ஓடவுட்டுப் பாத்தேன். கீழ பேப்பர் போட்டிருந்தேன். ஒரு சொட்டு வுழல.”

“மாத்த வேண்டிய கெடு வந்துடுச்சா?”

“எங்க சார்? புத்தகத்துல இத்தினி கிலோமீட்டர்னு போட்டிருப்பான். அது நேரா பெங்களூர் போற வண்டிக்கு. ஷிப்டு வண்டி ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நின்னு, புழுதி தின்னு போவுது. பாதியிலயே மாத்துப்பான்னு மதுரைவீரங்கிட்ட நான் எத்தினியோ தபா சொல்லிருக்கேன், கேக்கவே மாட்டான். ஒரே ஃபில்டர ரெண்டு எண்ணெய்க்கு ஓட்டுவான். சம்சாரம் முழுகாம இருக்குதுன்னு தெரிஞ்சதும் ஆளே மாறிட்டான். பிரசவத்துக்கு இந்த வண்டிலதான் போவணும் பாய், எல்லாம் புதுசா போடுங்கன்னு கெடுவுக்கு முன்னாலயே வந்து நின்னான்.” கலீல் கையைத் துடைத்துக்கொண்டார். “அதுலயும் ஒசந்த ஃபில்டர்தான் வேணுமாம். அதுல பேப்பர் மடிப்பு ஜாஸ்தி, அழுக்க நல்லா புடிக்கும். அன்னிக்கு இங்க கடையில இல்ல. எண்ணெய அடிக்கடி மாத்துனா சாதா ஃபில்டரே போதும்பான்னு சொல்லி, வெள்ளை ஃபில்டர் ஒண்ணு மாட்டி அனுப்புனேன். மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு போனான்.”

“வெள்ளையா?”

“ஆமா சார்.”

“ஜீப்புல ஏறுங்க பாய்.”

ஸ்டேஷன் பின்புறத்தில் கலீல் வேனுக்கு அடியில் படுத்த வேகத்திலேயே வெளியே தலையை நீட்டினார். “இது நான் மாட்டுனது இல்ல சார்.”

“கழட்டுங்க.”

நீல ஃபில்டர் கையோடு வந்தது. அதன் வாயில் ரப்பர் வளையம் ஒன்று இருந்தது, ஒரு பக்கம் பிதுங்கி. கலீல் எஞ்சின் பக்கம் விரலால் தடவினார். அங்கே இன்னொரு வளையம். சுரண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்தபோது அவர் முகம் சாம்பலாகிவிட்டது.

“இது என்னுது. வெள்ளை ஃபில்டரோட வளையம்.”

“அது எப்படி அங்கேயே தங்கிச்சு?”

“சாதா ஃபில்டர் கசியக் கூடாதுன்னு நான் பசை தடவி மாட்டுவேன் சார். காஞ்சா எஞ்சினோட புடிச்சிக்கும். மாத்தும்போது டப்பா மட்டும் வரும், வளையம் ஒட்டிகினு நிக்கும். நானே சுரண்டி எடுத்துடுவேன். தெரியாதவங்க கண்ணுக்கு அது எஞ்சினோட பாகம் மாதிரிதான் கீது. அதுமேலயே புதுசு மாட்டிட்டா வளையத்துமேல வளையம். நின்ன எடத்துல ஓடுனா தாங்கும். வேகம் புடிச்சா பிதுங்கும். பிதுங்கிடுச்சுன்னா மொத்த எண்ணெயும் பீச்சி அடிச்சிட்டுப் போயிடும்.” அவர் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “எனக்கப்புறம் வேற ஒருத்தர் கை வைப்பாங்கன்னு நெனைக்கலியே, அல்லா.”

துலுக்கானம் ஃபில்டரை வாங்கிப் பார்த்தார். இடுப்பில் அந்த நூல். வேஸ்ட் இழைக்கு யாரும் முடிச்சுப் போடுவதில்லை. இதில் மூன்று முடிச்சு இருந்தது. கொஞ்சம் பெட்ரோலில் நனைத்துக் கசக்கினார். கறுப்பு கரைந்து, உள்ளேயிருந்து மஞ்சள் எழுந்து வந்தது.

ஃபில்டரைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மதுரைவீரன் சுவரில் சாய்ந்து குந்தியிருந்தார். பக்கத்தில் மூடி போட்ட வெந்நீர்ச் செம்பு. துலுக்கானம் அவருக்கு எதிரே குந்தினார்.

“உன் டிரைவர் எண்ணெயை விக்கல. எண்ணெய் போகிற வழியில பீச்சி அடிச்சிருக்கு. பின்கதவு முழுக்க இருக்கு.”

மதுரைவீரன் செம்பின் மூடியைச் சரிசெய்தார்.

“பாய் மாட்டினது வெள்ளை ஃபில்டர். வண்டியில இருந்தது நீலம். பழைய வளையத்தை எடுக்காம அதுமேலயே மாட்டியிருக்கு. திருடறவன் எவனும் நல்ல ஃபில்டரா வாங்கி மாட்டி, அதுக்கு மாங்காட்டுக் கயிறு கட்டிட்டுப் போகமாட்டான்.” துலுக்கானம் அவர் மணிக்கட்டைத் தொட்டார். “மதுரைவீரா, மாட்டினது நீதான்.”

மதுரைவீரன் மணிக்கட்டுக் கயிற்றை மறு கையால் மூடிக்கொண்டார்.

“ஜி.பி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடை வரிக்கும் போயி வாங்கியாந்தேன் சார். அவ ஏறிப் போற வண்டியாச்சே, சாதா ஃபில்டர் எதுக்குன்னு… ஒரு காலத்துல நானும் லாரில கிளீனரா இருந்தவன். நமக்குத் தெரியாததான்னு நானே மாட்டிட்டேன். ஓடவுட்டுப் பாத்தேன், ஒழுவல. கயித்தக் கட்டிக் கும்புட்டேன்.”

“வண்டி நின்னப்ப அடியில ஃபில்டர்லேர்ந்து எண்ணெய் வழியறதைப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“பாத்துட்டுமா தேவராஜ் மேல புகார் கொடுத்தே?”

“அது ஃபில்டர் இல்ல, வேற என்னமோன்னு நெனச்சிக்கினேன் சார். வேற யாரோ செஞ்சதா இருக்கணும் சார். இல்லாங்காட்டி நா எப்படி அவ மூஞ்சில முழிப்பேன்?” அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். “தேவராஜ வுட்டுடுங்க சார். புகார வாபஸ் வாங்கிக்கிறேன். அவன் கால்ல வுழறேன்.”

உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “போலீஸ் வந்திருக்காங்களாமே? அந்தம்மா பாக்கணுங்குது.”

வரிசையின் கடைசிக் கட்டிலில் சொர்ணம் கிடந்தாள். மற்ற கட்டில்களின் பக்கத்திலெல்லாம் சேலைத் தூளி ஆடியது. இவள் பக்கத்து ஜன்னலில் மழை மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. மதுரைவீரன் வெந்நீரை டம்ளரில் ஊற்றி அவள் தலைமாட்டில் நின்றார்.

“தேவராஜு அண்ணாத்தே செய்யல சார்,” என்றாள் சொர்ணம். குரல் காற்றாகத்தான் வந்தது. “அது அழுதுகினே வண்டியத் தள்ளுச்சு. எம்மாந் தூரம் தள்ளுச்சு தெரியுமா? அதப் போயி புடிச்சி வெச்சிகினு கீறீங்களாமே.”

“இப்ப விட்டுடப் போறேன்மா.”

அவள் கண்ணை மூடினாள். கண்ணீர் பக்கவாட்டில் காதை நோக்கி இறங்கியது. கணவன் குனிந்து அதைத் துடைக்கப் போனார். அவள் அவர் கையைப் பற்றித் தன் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள். பிறகு கண் திறந்து, சப்-இன்ஸ்பெக்டரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“அப்ப வேற யாரு சார்? நா ஒண்ணும் செய்யமாட்டேன். சாபம் வுடமாட்டேன். யாருன்னு மட்டும் எங்கிட்ட சொல்லிட்டுப் போங்க சார்.”