மூன்றாவது ஜன்னல்

"ஐயோ... சார்!"

லாவண்யா அலறினாள்.

முதல் வரிசைப் பிரம்பு நாற்காலியில் ராமலிங்கம். மண்டை பிளந்திருந்தது! காலடியில் பித்தளை விளக்குத் தண்டு, ரத்தத்தோடு.

காலை பதினோரு மணி. அரியலூரில் ராமலிங்கத்தின் பழைய பங்களா. அதற்குள் வெள்ளைக்காரன் காலத்துப் பாணியில் இருபத்து நாலு பேர் உட்கார ஒரு குட்டி தியேட்டர். பெரம்பலூர் டிசைனர் லாவண்யா எட்டு மாதம் தூக்கம் கெட்டுச் செய்தது. நாளைக்குத் திறப்பு விழா!

பதறிப்போனவள் அந்த விளக்கைத் தூக்கி ஓரமாக வைத்தாள். பாவி, அதுதான் அவள் செய்த தப்பு. அப்புறம்தான் போலீசுக்குப் போன் போட்டாள்.

இருபது நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் நர்மதா வந்துவிட்டாள்.

"நான் பார்த்தேன் மேடம்! இவதான் மாமா மண்டையில ஓங்கிப் போட்டா!"

கத்தியவன் பிரேம். ராமலிங்கத்தின் அக்கா மகன். எட்டு வருஷம் எட்டிப் பார்க்காதவன், இன்று காலைதான் சென்னையிலிருந்து வந்திருந்தான்.

"பொய் மேடம்! நான் வர்றப்பவே சார் செத்துக் கெடந்தாரு!"

"அப்ப கையில ரத்தம் எப்படிம்மா வந்துச்சு?" என்றாள் நர்மதா.

"விளக்கைத் தூக்கி ஓரமா வச்சேன்..."

"ஏன்?"

"தேக்குத் தரை மேடம்... நேத்துதான் பாலிஷ் போட்டோம். கறை புடிச்சிருமேன்னு..."

"பொணம் கெடக்குது! உனக்குத் தரைதான் பெருசாத் தெரிஞ்சுதா?"

மூன்று வயது மகள் சாயங்காலம் அம்மாவைத் தேடுவாளே! பெண் கான்ஸ்டபிள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீங்க எங்கேருந்து பார்த்தீங்க?" நர்மதா பிரேமிடம் திரும்பினாள்.

"தோட்டத்துலேருந்து மேடம். இதோ, இந்த மூணாவது ஜன்னல் வழியா!"

நீள ஜன்னல். ஓரமாக ஒதுக்கிய திரைச்சீலை. பச்சைப் பலகைக் கதவு. அதன் இடுக்குகள் வழியே வெயில் தரையில் கோடு கோடாக விழுந்திருந்தது.

லாவண்யா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லாத் தெரிஞ்சுதா சார்?"

"கதவு விரியத் தொறந்து கெடந்துச்சு. திரையை வெலக்கிட்டு எட்டியே பார்த்தேன்!"

"மேடம்... உங்களுக்குப் பின்னாடி ஒரு சுவிட்ச் இருக்கு. அமுக்குங்களேன்."

நர்மதா அமுக்கினாள்.

வெயில் அணைந்தது!

அரியலூர் வெயில்... பட்டப்பகலில்... பட்டென்று!

"தியேட்டர்ல ஏது மேடம் ஜன்னல்? வெளிச்சம் உள்ள வந்தா படம் தெரியுமா? அந்தக் காலத்து அழகுக்காக வச்ச செட்டப்பு. வெயிலு எல்.இ.டி. பின்னாடி ஒன்பது இஞ்ச் செங்கல் சுவரு!"

நர்மதா பலகைக் கதவை இழுத்துத் திறந்து தட்டினாள். கல்!

பிரேம் வாசலுக்குப் பாய்ந்தான். கான்ஸ்டபிள் காலை நீட்ட, குப்புற விழுந்தான்.

"பங்களாவை வித்துட்டு எங்கம்மா பங்கைக் குடுன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்! கேக்காம கொட்டகை கட்டுறான் கெழவன்!"

லாவண்யா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

நர்மதா அவன் கையில் விலங்கை மாட்டினாள்.

"ஒன்பது இஞ்ச் சுவருக்கு அந்தாண்ட நடக்கறதெல்லாம் தெரியுற கண்ணு சார் உங்களுக்கு. ஜெயில்ல நாலு பக்கமும் சுவருதான்... பொழுது நல்லாப் போகும், வாங்க!"