குடலூரியின் இடது கை

செவ்வாய்க் குடியிருப்பில் டாக்டரை விழுங்குவதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. ஒரு மிடறு தண்ணீர், நாவல்பழ அளவில் குடலூரி என்கிற குட்டி எந்திரம், அவ்வளவுதான். அது உள்ளே ஊர்ந்து போய்ப் பார்க்கும், பேசும், தைக்கும். வெளியே இருக்கும் மனித டாக்டருக்குத் திரையைப் பார்த்துத் தலையாட்டுகிற வேலைதான்.

அன்று டாக்டர் நப்பின்னைக்கு அந்த வேலை அவ்வளவு சுலபமாக இல்லை. சுரங்கம் தோண்டும் சிலுவைமுத்து இரத்த வாந்தி எடுத்துவிட்டு வெளுத்துப்போய்க் கிடந்தார். வயிற்றைத் திறந்து அறுவை செய்யும் வசதி பூமியில்தான் உண்டு. பூமியோ பல மாதப் பயணம்.

"வலி மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

"சத்தியமா இல்ல டாக்டரம்மா."

குடலூரி இரைப்பையைத் தாண்டி முன்சிறுகுடலுக்குள் நுழைந்தது. அங்கே ஒரு புண். அதன் நடுவில் அரிக்கப்பட்ட இரத்தக்குழாய் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

"ஊசி போட்டுக் குழாயைச் சுருக்கு. அப்புறம் கவ்வி மாட்டி இறுக்கு" என்றாள் நப்பின்னை.

ஊசி இறங்கியது, பீய்ச்சல் தணிந்தது. குடலூரி இடது கையால் கவ்வியை நீட்டியது. கை பாதி வழியில் வெட்டி இழுத்தது. கவ்வி நழுவிக் குடலுக்குள் போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. திரை மறுபடி சிவந்தது.

"பிரஷர் இறங்குது டாக்டர்" என்றான் நர்ஸ் கசாலி.

மிச்சமிருந்தது ஒரே ஒரு கவ்வி.

"நீ விடு, நான் பார்த்துக்கறேன்" என்று நப்பின்னை குடலூரியின் அறிவை அணைத்துவிட்டு, அதன் வலது கையைத் தானே இயக்கினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கவ்வியைக் குழாயின் மேல் வைத்து இறுக்கினாள். பீய்ச்சல் நின்றது. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். நின்றேவிட்டது.

கசாலி அடுத்த இரத்தப் பையை மாட்டினான். சிலுவைமுத்துவின் முகத்தில் மெல்ல உயிர் திரும்பியது. நப்பின்னை குடலூரியைப் பின்னுக்கு நகர்த்தியபோது, இரைப்பை ஓரத்தில் பாதி கரைந்த மாத்திரை ஒன்று தெரிந்தது.

"இது என்ன?"

அவர் கண்களை மூடிக்கொண்டார். "பக்கத்து ரூம் மீரான் பாய் குடுத்தாரு. அவருக்கு இடுப்பு வலி பறந்துபோச்சாம்."

"இந்த மாத்திரைதான் குடலைப் புண்ணாக்கியிருக்கு. கொஞ்சம் விட்டா நீங்களே பறந்திருப்பீங்க! கேட்டதுக்குச் சத்தியம் வேற பண்றீங்க. எந்திரம் தேவலை, பொய் சொல்லாது."

சொல்லிக்கொண்டே குடலூரியின் அறிவைத் திரும்ப எழுப்பினாள். "உன் கைக்கு என்ன ஆச்சு? உள்ள போறதுக்கு முன்னாடி கேட்டேனே, எல்லாம் நல்லா இருக்குன்னியே?"

குடலூரி இடது கையை மடக்கிக்கொண்டது.

"கொஞ்ச நாளா இடது கை விறைப்பா இருந்துச்சு டாக்டர். சார்ஜ் ஏத்துற இடத்துல, பல் டாக்டரோட எந்திரம் தன்னோட நிரலைக் குடுத்துச்சு, ஏத்திக்கிட்டேன். அதுக்கு நல்லாக் கேட்டுச்சாம்."

"பல்லு புடுங்குற எந்திரத்தோட நிரலா? என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா திட்டுவீங்கன்னுதான்."